தூரத்தின் செலவை யார் சுமப்பது?

1867ஆம் ஆண்டு வட மாகாண அரசாங்க அதிபர் பேர்சிவல் அக்லண்ட் டைக் கோப்பாய் வாடிவீட்டில் உயிர்விட்டார். 1829 முதல் யாழ்ப்பாணக் கச்சேரியை நடத்திவந்தவர். நகரில் பழைய பூங்காவை உண்டாக்கியவர். வடக்கின் ராஜா என்று பேரெடுத்தவர். சாவு அவரைத் தேடிவந்தபோது அவர் சுற்றுப்பயணத்தில் இருந்தார். அக்காலத்து நிருவாகத்தின் பெரும்பகுதி சுற்றுப்பயணத்திலேயே நடந்தது. மாவட்ட அதிகாரிகள் ஊர் ஊராகப் போய்ப் பார்க்க வேண்டும், பார்த்ததை நாட்குறிப்பில் எழுத வேண்டும் என்று 1808 இலேயே தேசாதிபதி தோமஸ் மெயிற்லண்ட் விதித்திருந்தார். குளம் உடைந்ததா, அம்மை பரவுகிறதா, நெல் விளைந்ததா என்பதெல்லாம் அந்த நாட்குறிப்புகள் வழியாகத்தான் கொழும்புக்குத் தெரிந்தன.

அப்படிப் போனவர்களுக்குச் சோறு போட்டது யார், பல்லக்குத் தூக்கியது யார், விறகும் கோழியும் முட்டையும் கொண்டுவந்து வைத்தது யார்? போர்த்துக்கேயர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் யாழ்ப்பாணத்தில் ஊழியம் என்ற கட்டாய வேலை இருந்தது. அதற்கு உட்பட்ட குடிகள் கூலியில்லாமல் அரசுக்கு உழைக்க வேண்டும். முடியாதவர்கள் காசு கட்டி விடுபட வேண்டும். தெற்கில் இராசகாரியம் என்றிருந்ததும் இதே வகைதான். கோல்புறூக் விசாரணையைத் தொடர்ந்து 1832 இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. சும்மா தூக்க ஆள் இல்லையென்றால் தூக்குகிறவனுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். அந்தக் கூலி எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். அரசின் அலுவலாகப் போகிறவர் செலவை அரசே கொடுப்பது என்ற ஏற்பாட்டின் வேர் இங்கே இருக்கிறது.

பயணப்படியை உத்தியோகத்தருக்குக் கிடைக்கும் மேலதிக வருமானமாகப் பார்க்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதுகின்றன. அமைச்சர்களின் வெளிநாட்டுப் பயணங்களைப் பற்றி எழுதும்போது அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் மாதத்தில் பாதி நாள் மோட்டார் சைக்கிளில் திரியும் ஒரு விவசாயப் போதனாசிரியருக்கோ குடும்பநல உத்தியோகத்தருக்கோ அந்தப் பார்வை பொருந்தாது. என் வாசிப்பில் பயணப்படி முதலில் ஊருக்குக் கொடுத்த வாக்கு. உன்னைத் தேடிவரும் உத்தியோகத்தர் உன் வீட்டுச் சோற்றிலும் உன் பணத்திலும் தங்கி வரமாட்டார் என்ற வாக்கு. படி உண்மைச் செலவுக்குக் கீழே போகும்போது அந்த வாக்கு உடைகிறது. அதன் பிறகு உத்தியோகத்தர் தன் சம்பளத்தில் ஓட வேண்டும். அல்லது யாராவது பெற்றோல் அடித்துக் கொடுக்க வேண்டும். அல்லது அவர் வராமலே இருக்க வேண்டும். மூன்றும் நடக்கின்றன.

யாழ்ப்பாணத்துக்கு இது கூடுதலாக வலிப்பதற்குக் காரணம் புவியியல். 1905 சனவரியில் இளம் சிவில் சேவை உத்தியோகத்தராக யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்ட லெனார்ட் வூல்ஃப், அனுராதபுரம் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து மாட்டுத் தபால் வண்டியில் காடு கடந்து ஆனையிறவுக்கு வந்தார். கூடவே ஒரு நாயும், வோல்தேரின் முழுத் தொகுதிகளும். அதே ஆண்டு ஓகஸ்டில் வடக்குப் பாதை முழுமையாகி, கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்கு ரயில் ஓடியது. யாழ்ப்பாணத்தானைக் கொழும்புக் கந்தோர்களில் நிரப்பியது ஆங்கிலப் படிப்பு என்பார்கள். அந்த ரயிலுக்கும் அதில் பாதிப் பங்கு உண்டு. 1956 ஏப்ரில் 23 இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியதும் காலையில் ஏறினால் மாலைக்கு முன் வீடு என்றாயிற்று. அரச ஊழியரின் குடும்பத்துக்கு ஆண்டுதோறும் கிடைக்கும் புகையிரத ஆணைச்சீட்டு அந்தத் தலைமுறையின் பெருமைகளில் ஒன்று. தீபாவளிக்கும் நல்லூர்த் திருவிழாவுக்கும் பிள்ளைகுட்டிகளோடு கோட்டை நிலையத்தில் நின்ற கூட்டத்தில் பெரும்பகுதி ஆணைச்சீட்டில் வந்தவர்கள்தான்.

போரினால் 1990 யூன் 13 உடன் அந்தப் பாதை நின்றது. 2014 ஒக்டோபர் 13 இல்தான் யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணம் வந்தது. இடைப்பட்ட இருபத்துநான்கு ஆண்டுகளும் அரச ஊழியருக்கான தாபன விதிக்கோவையில் ஆணைச்சீட்டு உரிமை இருந்தது. யாழ்ப்பாணத்துக்கு ரயில் இல்லை. ஆனாலும் அரச நிருவாகம் நிற்கவில்லை. கச்சேரி இயங்கியது, பரீட்சைகள் நடந்தன, சம்பளம் வந்தது, கொழும்பில் கூட்டங்களுக்கு அழைப்பும் வந்தது. உத்தியோகத்தர்கள் கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்தார்கள். 1993 சனவரியில் அந்தக் கடலேரியில் படகுப் பயணிகள் கொல்லப்பட்ட பிறகும் கடந்தார்கள், வேறு வழி இருக்கவில்லை. பின்னர் திருகோணமலைக்குக் கப்பல், பலாலியிலிருந்து விமானம். 1998 செப்ரெம்பர் 29 இல் லயன் எயார் விமானம் விழுந்து அதில் இருந்த எல்லோரும் இறந்தார்கள். 2002 இல் திறந்த ஏ9 வீதி 2006 ஓகஸ்டில் மறுபடி மூடப்பட்டது. எந்த விதிக்கோவையும் இப்படிப்பட்ட பயணத்துக்கு விலை போட முடியாது. கிலோமீற்றருக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு என்ற கணக்கு, வீதி இருக்கிறது, போனால் திரும்பி வரலாம் என்ற நம்பிக்கையின் மேல் எழுதப்பட்டது.

கொழும்பில் போய்த் தங்குவதும் அப்படியே. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்து உத்தியோகத்தருக்குத் தங்குமிடம் என்பது காசுப் பிரச்சினையாக மட்டும் இருக்கவில்லை. பொலிஸ் பதிவு, ஏன் வந்தாய், எப்போது போவாய் என்ற கேள்விகள். 2007 யூன் 7 விடியலில் கொழும்பு லொட்ஜ்களிலிருந்து 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டார்கள்; மறுநாள் உயர் நீதிமன்றம் அதை நிறுத்த உத்தரவிட்டது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்த உறவினர் வீடுகள்தான் பலருக்கு வாடிவீடாக இருந்தன. அரசு கொடுக்காத தங்குமிடத்தை ஒன்றுவிட்ட அக்காவின் முன்விறாந்தை கொடுத்தது. அந்தப் பழக்கம் இன்றும் போகவில்லை. கொழும்பில் ஓர் அறையின் ஒருநாள் வாடகையைச் சாதாரண தர உத்தியோகத்தருக்குரிய படி ஈடுசெய்யாது என்பதால் இன்றும் அநேகர் சொந்தக்காரர் வீட்டுக்கே போகிறார்கள். மத்திய அமைச்சுகளின் கூட்டங்களுக்கு நீண்டகாலமாக உறவினர் மானியம் வழங்கிவருகிறார்கள் என்று சொன்னால் அது மிகையல்ல.

இன்றைய ஏற்பாடு தாபன விதிக்கோவையின் 14ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. விகிதங்களைச் சுற்றறிக்கைகள் மாற்றுகின்றன. சம்பளத் தரத்துக்கு ஏற்ப உத்தியோகத்தர்கள் பிரிக்கப்படுகிறார்கள்; தரம் உயர உயரப் படியும் உயரும். பயணத்துக்கு முன் நிகழ்ச்சித் திட்டம் கொடுத்து அங்கீகாரம் பெற வேண்டும். மாதம் முடிந்ததும் கிளெயிம் போட வேண்டும். அந்தப் படிவத்தை நிரப்பிப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அது எவ்வளவு பொறுமையைத் தின்னும் என்று: திகதி, புறப்பட்ட நேரம், போன இடம், போன காரியம், எத்தனை கிலோமீற்றர், எந்த வாகனம், திரும்பிய நேரம். கோண்டாவிலிலிருந்து உரும்பிராய்க்கும் அங்கிருந்து அச்சுவேலிக்கும் போய் வந்தால் ஒவ்வொரு துண்டும் தனி வரி. நாட்குறிப்போடு ஒத்துப்போக வேண்டும். மேலதிகாரி கையொப்பமிட்டபின் கணக்குக் கிளைக்குப் போகும்.

அங்கே காத்திருப்பு தொடங்கும். கட்டுநிதி வரவில்லை என்ற பதில் கந்தோர்களில் எல்லோருக்கும் பாடம். திறைசேரி பணம் விடுவிக்கும்போது முதலில் சம்பளம், பிறகு அவசரக் கொடுப்பனவுகள். பயணப்படி வரிசையின் பின்னால் நிற்கும். வருட இறுதியில் ஒதுக்கீடு தீர்ந்துபோனால் கார்த்திகை மாதக் கிளெயிம் அடுத்த வருடத்துக்குத் தள்ளப்படும். உத்தியோகத்தர் தன் பையிலிருந்து முன்கூட்டியே செலவழித்த பணம் அது. வட்டியில்லாமல் அரசுக்குக் கடன் கொடுத்திருக்கிறார் என்பதே உண்மை நிலை. இதற்கிடையில் கணக்காய்வு பற்றிய பயம் வேறு. 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம் தவறான கொடுப்பனவுக்குப் பொறுப்பானவரிடமிருந்து பணத்தை அறவிட இடமளிக்கிறது. அது நல்ல சட்டம். ஆனால் நானூறு ரூபா கிளெயிமுக்குக் கணக்காய்வு வினவல் வருமோ என்று பயந்து, போன பயணத்தையே எழுதாமல் விடுகிற இளம் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள்.

2022 இந்த ஏற்பாட்டின் பலவீனத்தை முழுதாக வெளிக்காட்டியது. அந்த ஆண்டு தொடங்கும்போது 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 177 ரூபா. மே 24 இல் 420, யூன் 26 இல் 470. லீற்றருக்கு 40 கிலோமீற்றர் ஓடும் ஒரு மோட்டார் சைக்கிளைக் கணக்குக்கு எடுத்தால், எரிபொருளுக்கு மட்டும் கிலோமீற்றருக்கு 4 ரூபா 43 சதமாக இருந்தது ஆறு மாதத்தில் 11 ரூபா 75 சதமாயிற்று. ரயர், எண்ணெய், தேய்மானம் தனி. செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். யூலையில் வந்த கியூ.ஆர். எரிபொருள் பங்கீட்டு முறையில் மோட்டார் சைக்கிளுக்கு முதலில் கிடைத்தது கிழமைக்கு 4 லீற்றர், அதாவது 160 கிலோமீற்றர். யாழ்ப்பாண நகரிலிருந்து குறிகட்டுவானுக்குப் போய்வரவே ஏறத்தாழ 60 கிலோமீற்றர் வேண்டும். வீட்டிலிருந்து கந்தோருக்குப் போவதும் அந்த 160க்குள்தான். வெள்ளிக்கிழமைகளில் வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று அரசு விடுமுறை கொடுத்த காலம் அது. அந்த மாதங்களில் எத்தனை கர்ப்பிணித் தாய்மாரின் வீட்டுக்கு வருகை தவறியது, எத்தனை வயலுக்கு ஆலோசனை போகவில்லை என்று கேட்கிற கணக்கு எந்தப் படிவத்திலும் இல்லை. சேமிப்பு என்று எழுதப்பட்டது உண்மையில் சேவைக் குறைப்பு.

யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலகங்கள், 435 கிராம அலுவலர் பிரிவுகள். வரைபடத்தில் பார்த்தால் சின்ன இடம். காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பிவிடலாம் என்று தோன்றும். நெடுந்தீவுக்கு ஒருவரை அனுப்பிப் பார்த்தால் அந்த எண்ணம் மாறும். நகரிலிருந்து பஸ்ஸில் பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகட்டுவான் இறங்குதுறை. அங்கே படகு வரும்வரை நிற்க வேண்டும். ஏறினால் ஒரு மணிநேரம் போலக் கடல். 1985 மே 15 இல் குமுதினிப் படகில் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டது இதே கடல்வழியில்தான். வயதானவர்கள் இன்றும் ஏறும்போது அதைச் சொல்லுவார்கள். தீவில் இறங்கிய பின் உள்ளே போக ஓட்டோவோ யாருடையவாவது சைக்கிளோ. திரும்பும் படகின் நேரத்தைப் பார்த்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். சோளகம் வீசினாலோ வாடைக் காலத்து மழை பிடித்தாலோ படகு ஓடாது. அப்போது உத்தியோகத்தர் அங்கே தங்கியாக வேண்டும்.

இந்தப் பயணத்தைப் படிவத்தில் எழுதிப் பாருங்கள். கிலோமீற்றர் குறைவு, ஏனென்றால் பாதி வழி கடல். பஸ்ஸுக்குப் பற்றுச்சீட்டு இருக்கலாம். ஓட்டோக்காரர் பற்றுச்சீட்டு தரமாட்டார். முன்கூட்டி அங்கீகரித்த திட்டம் ஒருநாள். காற்று அதை இரண்டு நாளாக்கியது. இரவுச் சாப்பாடு தீவில் யாரோ ஓர் ஆசிரியர் வீட்டில். அந்த ஆசிரியர் மறுத்திருக்கமாட்டார். நெடுந்தீவில் அப்படி யாரும் மறுப்பதில்லை. ஆனாலும் 1832 இல் முடிந்ததாக நினைத்த ஒன்று வேறு முகத்தோடு அந்த வீட்டு வாசலில் நிற்கிறது. இதில் யாரையும் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. விருந்தோம்பலை நான் குறைத்துப் பேசவில்லை. விருந்தாளியாகப் போகிறவரும் அரசின் ஆளாகப் போகிறவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது என்பதே என் கவலை, குறிப்பாக அடுத்த மாதம் அதே வீட்டாரின் உதவித்தொகை விண்ணப்பத்தை அவர் பரிசீலிக்கப் போகிறார் என்றால்.

2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகும், ஆழிப்பேரலைக்குப் பிறகும், 2009 இல் போர் முடிந்த பிறகும் யாழ்ப்பாணத்துக்கு இன்னொரு வகைப் படி வந்தது. ஐக்கிய நாடுகள் நிறுவனத்தில் நாளாந்தப் படியைச் சர்வதேச சிவில் சேவை ஆணைக்குழு நிர்ணயிக்கிறது. நாடு, நகரம் பார்த்து விடுதி, சாப்பாடு, சில்லறைச் செலவு எல்லாம் சேர்த்து ஒரு தொகை. மாதந்தோறும் பட்டியல் வெளிவரும். சர்வதேசத் தொண்டு நிறுவனங்களுக்குத் தத்தம் விகிதம். இடம்பெயர்ந்தோர் பற்றிய ஒரே பயிற்சிப் பட்டறையில் ஒரே மேசையைச் சுற்றி ஐ.நா. ஊழியர், தொண்டு நிறுவன ஊழியர், பிரதேச செயலக உத்தியோகத்தர் என்று மூவர் இருந்தால் அன்றைய நாளுக்கு மூவருக்கும் மூன்று விலை. விபரம் அதிகம் தெரிந்தவர், அதாவது எந்த ஒழுங்கையில் எந்தக் குடும்பம் இருக்கிறது என்று சொல்லக்கூடியவர், அநேகமாக மிகக் குறைந்த விலைக்காரர். சில நிறுவனங்கள் அரச உத்தியோகத்தர்களுக்கும் தங்கள் கணக்கிலிருந்து படி கொடுத்தன. அது உதவி, ஆனால் எந்தக் கூட்டத்துக்குப் போவது என்ற தெரிவைப் படி தீர்மானிக்கிற நிலைக்கும் அது கொண்டுபோகக்கூடியது. நோர்வேயின் நோராட் நிறுவனம் 2012 இல் வெளியிட்ட ஆய்வு எத்தியோப்பியா, மலாவி, தன்சானியா ஆகிய நாடுகளை எடுத்து இதைத்தான் விரிவாகப் பார்த்தது. சம்பளம் போதாத இடத்தில் பயணப்படி சம்பளத்தின் துண்டாக மாறிவிடும், பட்டறைகள் பெருகும், களவேலை மெலியும் என்பது அங்கே தெரிந்தது. இங்கே அதே அளவுக்கு நடந்தது என்று நான் சொல்லவரவில்லை. படி மிகக் குறைவாக இருந்தாலும் மிக அதிகமாக இருந்தாலும் கால்கள் போகும் திசை மாறும்.

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன? இந்திய மத்திய அரசு 7ஆவது ஊதியக் குழுவுக்குப் பிறகு 2017 யூலையில் அறிவித்த விகிதத்தில், 14ஆம் நிலையிலும் அதற்கு மேலும் உள்ள அதிகாரிக்கு ஒருநாள் விடுதிக்கு 7,500 ரூபாய் வரை, சாப்பாட்டுக்கு 1,200 வரை. 5ஆம் நிலையிலும் அதற்குக் கீழும் உள்ளவருக்கு விடுதிக்கு 450, சாப்பாட்டுக்கு 500. இந்தியாவின் எந்த நகரில் 450 ரூபாய்க்குக் கண்ணியமான அறை கிடைக்கும் என்று அதை எழுதியவர்கள் யோசித்தார்களோ தெரியாது. இருந்தாலும் அதில் ஒரு நல்ல வாசகம் இருக்கிறது: அகவிலைப்படி 50 வீதம் உயரும்போதெல்லாம் இந்த விகிதங்கள் 25 வீதம் தாமாகவே உயரும். யாரும் மனுப் போட வேண்டியதில்லை.

ஜேர்மனியில் இருக்கும் நம்மவர்கள் பலருக்கு அந்நாட்டுக் கணக்குத் தெரிந்திருக்கும். 2020 முதல் உள்நாட்டுப் பயணத்தில் முழுநாள் வெளியே இருந்தால் சாப்பாட்டுக்கு 28 யூரோ, 8 மணிநேரத்துக்கு மேல் இருந்தால் 14. பதவி பார்ப்பதில்லை. அழைத்தவர்களே காலைச் சாப்பாடு கொடுத்தால் 20 வீதமும், மதியமோ இரவோ கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் 40 வீதமும் கழிக்கப்படும். தெளிவு, சண்டைக்கு இடமில்லை. அமெரிக்காவில் ஒவ்வோர் ஒக்டோபரிலும் புது விகிதம் வரும். சில நகரங்களுக்குப் பருவகாலத்துக்கு ஏற்ப விடுதி விகிதம் மாறும். இதை வாசித்தபோது எனக்கு நல்லூர்த் திருவிழாக் காலம் ஞாபகம் வந்தது. அந்த 25 நாட்களில் யாழ்ப்பாண நகரில் அறை வாடகை எங்கே போகும் என்று எல்லோருக்கும் தெரியும். தெற்கிலிருந்து அலுவலாக வரும் உத்தியோகத்தரின் படி ஓகஸ்டிலும் மார்ச்சிலும் ஒன்றே.

படியைத் திருத்துவது பாதி வேலை. மீதிப் பாதி தூரத்தைக் குறைப்பது. வடக்கும் கிழக்கும் ஒரே மாகாணமாக இருந்த காலத்தில் மாகாண நிருவாகத்தின் தலைமையகம் திருகோணமலையில் இருந்தது. ஓய்வூதியக் கோவை, இடமாற்றம், பதவி உயர்வு என்று யாழ்ப்பாணத்து ஆசிரியர் அங்கே ஓட வேண்டியிருந்தது. 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் இணைப்பைச் செல்லாததாக்கியதை அரசியல் ரீதியாக நாங்கள் எப்படிப் பார்த்தாலும், இன்று மாகாண அலுவல்களுக்குக் கைதடிக்கு 10 கிலோமீற்றர் போல ஓடினால் போதும். 2025 செப்ரெம்பர் 1 இல் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தில் கடவுச்சீட்டு அலுவலகம் திறந்ததும் அப்படித்தான்: வவுனியாவுக்கோ கொழும்புக்கோ போகும் ஒரு பயணம், ஓர் இரவுத் தங்கல், ஒருநாள் கூலி இழப்பு மக்களுக்கு மிச்சம். இப்படி ஓர் அலுவலகம் திறப்பது எத்தனையோ ஆண்டுப் பயணப்படிக்குச் சமம்.

சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் எல்லாத் தரத்துக்கும் ஒரே தொகை வைக்கலாம். பசி சம்பள அளவுத்திட்டம் பார்ப்பதில்லை. கிலோமீற்றர் விகிதத்தை எரிபொருள் விலையோடு கட்டிவிடலாம். விலை மாறிய மாதமே அதுவும் மாறட்டும். தீவுப் பயணங்களுக்குத் தனி விதி வேண்டும், படகு ஓடாத இரவை அங்கீகரிக்கப்பட்ட இரவாக எண்ணும் விதி. இவை பெரிய சீர்திருத்தங்களே அல்ல, ஒரு சுற்றறிக்கையில் அடங்கும்.

இன்னொன்றும் இருக்கிறது, அது கணக்கியல் சார்ந்தது. அரச மதிப்பீடுகளில் உள்நாட்டுப் பயணச் செலவு 1101 என்ற இலக்கத்தின் கீழ் வரும். பயணம் செய்பவரின் சொந்தத் திணைக்களத்தின் ஒதுக்கீட்டிலிருந்து அது போகிறது. கொழும்பில் ஓர் அமைச்சு கூட்டம் வைத்து வடக்கிலிருந்து ஆட்களை அழைத்தால், அழைத்த அமைச்சுக்கு அதனால் செலவு எதுவும் இல்லை. அழைக்கப்பட்ட பிரதேச செயலகத்தின் 1101 காலியாகும். மிச்ச மாதங்களில் களப்பயணத்துக்கு ஒதுக்கீடு இராது. இதை மாற்றி, அழைப்பவரின் ஒதுக்கீட்டில் அந்தச் செலவை எழுத வேண்டும். நெடுந்தீவிலிருந்து ஒருவர் படகேறி, பஸ் ஏறி, இரவு ரயில் ஏறி இரண்டு மணிநேரக் கூட்டத்துக்கு வந்து போகும் செலவு அமைச்சின் கணக்காளருடைய மேசைக்கு வரட்டும். 2020 பெருந்தொற்றுக் காலத்தில் இதே அமைச்சுகள் திரைவழியாகக் கூட்டம் நடத்தப் பழகிக்கொண்டன. பிரதேச செயலகத்தில் கணினியும் இணைப்பும் அப்படியே இருக்கின்றன.